வெளியே போகணும்னு நாய் சொல்வது எப்படி?

நாய்க்குட்டி வாங்கினவர்கள் முதல் மாதத்தில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இது கண்ட இடத்தில் போறதை எப்போ நிறுத்தும்?" மூன்றாவது மாதத்தில் கேள்வி கொஞ்சம் மாறும்: "வெளியே போகணும்னா வந்து சொல்லலாம்ல, ஏன் சொல்ல மாட்டேங்குது?" இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. வாசல் கதவில் ஒரு மணியைக் கட்டி, நாய் அதை ஆட்டிச் சொல்லும்படி பழக்குவது பல நாடுகளில் சாதாரணமாக நடக்கிறது. வீடியோக்களில் பார்த்தால் பத்தே நிமிஷத்தில் நாய் கற்றுக்கொண்டு விடுகிறது. வீட்டில் செய்து பார்த்தால் ஒன்று, நாய் மணியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அல்லது நாள் முழுக்க மணி அடித்து உயிரை வாங்குகிறது. நன்றாக அடித்துக்கொண்டிருந்த நாய் திடீரென்று விட்டுவிடுவதும் உண்டு. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மணிக்கு என்ன அர்த்தம் என்பது மணியில் இல்லை. அது அடித்ததும் நாம் என்ன செய்கிறோமோ, நாயைப் பொறுத்தவரை அதுதான் அர்த்தம்.

கிராமத்தில் வாசலில் கிடக்கிற நாய்க்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. திண்ணையோரம் படுத்திருக்கும், தேவைப்பட்டால் எழுந்து வேலியோரம் போகும், வரும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நாயை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய பிறகுதான் அது "சொல்லணும்" என்று எதிர்பார்க்கிறோம். அதுவும் மூன்றாவது மாடி ஃப்ளாட் என்றால் கதவைத் திறந்தால் மட்டும் போதாது. செருப்பு போடணும், சங்கிலி மாட்டணும், லிஃப்ட் வரணும். லிஃப்டில் நாயை ஏற்றக்கூடாது என்று அசோசியேஷன் சொன்னால் படி இறங்கணும். (இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்படி அப்படித் தடுக்கக் கூடாது. அது தனிச் சண்டை.) நாய் கேட்பதற்கும் அதன் கால் மண்ணில் படுவதற்கும் நடுவில் ஐந்து நிமிஷம் ஓடிவிடும். தோட்டம் உள்ள வீட்டில் கடைசி நொடியில் சொன்னாலும் சமாளிக்கலாம். ஃப்ளாட்டில் நாய் முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் குட்டியின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பிறந்த குட்டிக்குத் தானாக மூத்திரம் போகக்கூட வராது. தாய் நக்கிவிட்டால்தான் போகும், தாயே அதைச் சுத்தமும் செய்துவிடும். மூன்று வாரம் ஆகி, தட்டுத்தடுமாறி நடக்க ஆரம்பித்ததும் குட்டி படுக்கிற இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் இருக்கத் தொடங்குகிறது. எட்டு ஒன்பது வாரத்தில் அதற்கென்று ஒரு இடத்தைத் தேடிப் போக ஆரம்பிக்கும். அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஐந்து இன நாய்களைப் பல வருஷம் வளர்த்துக் கவனித்த ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965-ல் வெளியிட்ட நூல் குட்டிகளின் வளர்ச்சி பற்றி இன்றும் அடிப்படையாகப் பேசப்படுகிற நூல். ஆக, "தூங்குகிற இடத்தை அசிங்கம் பண்ணாதே" என்பதை நாம் கற்றுத்தர வேண்டியதில்லை, அது குட்டியோடு வந்தது. சிக்கல் எங்கே என்றால், குட்டியைப் பொறுத்தவரை வீடு என்பது அதன் படுக்கையும் அதைச் சுற்றி நாலடியும்தான். நம் வீட்டின் கடைசி பெட்ரூம் மூலை அதற்கு வெளியூர் மாதிரி. "வீட்டுக்குள்ளேயே போயிடுச்சு" என்று நாம் திட்டுகிறோம். அது தன் கணக்கில் நாகரிகமாகத் தள்ளிப் போய்த்தான் இருந்திருக்கிறது!

இன்னொன்று, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது. குட்டி வயதில் எதன் மேல் போய்ப் பழகுகிறதோ அதையே நாய் பெரிதாகியும் தேடும். மண்ணில் பழகினால் மண், புல்லில் பழகினால் புல். தெருவில் பிறந்து வளர்ந்த நாட்டு நாயை ஃப்ளாட்டுக்குக் கொண்டு வந்தவர்கள் பலர் "இதுக்கு ஒண்ணுமே சொல்லித் தரலை, தானா வெளியேதான் போகுது" என்று ஆச்சரியப்படுவதற்கு இதுதான் காரணம். அதற்கு மண் ஏற்கெனவே பழக்கம். மாறாக, மழைக்காலத்தில் வாங்கி, பால்கனியில் செய்தித்தாள் விரித்து நாலு மாதம் பழக்கிய குட்டி என்ன செய்யும்? அரை மணி நேரம் தெருவெல்லாம் சுற்றிவிட்டு, வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகப் பால்கனிக்கு ஓடும். கொழுப்பு இல்லைங்க. கழிவறை எங்கே இருக்கிறது என்று அதற்கு நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

அதனால் மணி கட்டுவதற்கு முன்னால் முடிய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வெளியே ஒரு குறிப்பிட்ட இடம்தான் இதற்கு என்று நாய்க்குப் பழகியிருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி கடிகாரம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் (வயிற்றில் சோறு விழுந்தாலே குடல் அசையத் தொடங்கும், நமக்கும் அப்படித்தான்), நிறைய தண்ணீர் குடித்த பிறகு, விளையாடிய பிறகு, இரவு படுப்பதற்கு முன். பகலில் குட்டி எத்தனை மணி நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள்: வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் குட்டி என்றால் மூன்று மணி நேரம். அதுவும் உச்சவரம்பு, விளையாடிக்கொண்டிருக்கும் குட்டிக்கு அரை மணி நேரமே அதிகம். இந்தப் பழக்கம் இல்லாமல் மணியை மட்டும் கட்டினால், எங்கே போவது என்றே தெரியாதவனுக்கு டிக்கெட் கவுன்டரைக் காட்டின கதைதான்.

சரி, நாய் நிஜமாகவே சொல்வதில்லையா? இங்கேதான் எனக்கு சுவாரசியம். ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரின் ஒத்வொஷ் லொராந்த் பல்கலைக்கழகத்தில் ஆடம் மிக்லோஷியும் சக ஆய்வாளர்களும் 2000-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். நாய்க்கு எட்டாத இடத்தில் உணவை ஒளித்து வைப்பது நாய்க்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர் உள்ளே வந்ததும் நாய் அவரைப் பார்க்கிறது, உணவு இருக்கும் இடத்தைப் பார்க்கிறது, மறுபடி அவரைப் பார்க்கிறது. கூடவே குரலும் கொடுக்கிறது. 2003-ல் இதே குழு இன்னொன்றையும் காட்டியது: தன்னால் தீர்க்க முடியாத சிக்கல் வரும்போது நாய் மனிதனைத் திரும்பிப் பார்க்கிறது, மனிதர் கையிலேயே வளர்ந்த ஓநாய் அப்படிப் பார்ப்பதில்லை, அது தானே மோதிக்கொண்டிருக்கிறது. மூடிய கதவும் நாய்க்குத் தன்னால் தீர்க்க முடியாத சிக்கல்தான். ஆகவே நம் நாய் தினமும் நம்மைப் பார்த்து, கதவைப் பார்த்து, மறுபடி நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். நாம்தான் மொபைலில் இருப்போம்.

பார்வை தவிர வேறு அடையாளங்களும் உண்டு. விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டுத் திடீரென்று போவது, தரையை மோந்துகொண்டே வளைய வருவது, முன்பு போன மூலையைத் தேடுவது, காரணமில்லாமல் மூச்சிரைப்பது. (வளைய வருவது பற்றி ஒரு கிளைக்கதை: காந்தப்புலம் அமைதியாக இருக்கும்போது நாய்கள் வடக்கு-தெற்காக நின்று வெளிக்குப் போக விரும்புகின்றன என்று செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்களைக் கவனித்து 2013-ல் எழுதினார்கள். அடுத்த வருஷம் அதற்கு இக் நோபல் கிடைத்தது. நான் திசைகாட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கவில்லை.) இந்த அடையாளங்களுக்கெல்லாம் ஒரே குறை, சத்தம் இல்லை. நீங்கள் சமையலறையில் மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தால், வாசலில் நின்று பார்க்கிற நாயை யார் கவனிப்பது? மணியின் பயன் இவ்வளவுதான். நாயிடம் ஏற்கெனவே இருக்கிற பேச்சுக்குக் கொஞ்சம் சத்தம் சேர்க்கிறோம்.

நாய், மணி என்றதும் எல்லோருக்கும் பாவ்லோவ் ஞாபகம் வரும். ஆனால் இது பாவ்லோவின் மணி இல்லை. அவர் ஆய்வகத்தில் மனிதர் ஒலி எழுப்புவார் (மெட்ரோனோம், பஸ்ஸர் என்று பலவும் இருந்தன, மணி மட்டுமல்ல), நாய்க்கு எச்சில் ஊறும். நாய் எதையும் செய்ய வேண்டாம், அதற்கு நடக்கும். நம் கதவு மணியில் நாய் ஒன்றைச் செய்கிறது, அதனால் உலகத்தில் ஒன்று மாறுகிறது. இதற்கு மூதாதை தேடினால் வார்சாவில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மருத்துவ மாணவர்களிடம் போக வேண்டும்: யெர்ஸி கொனோர்ஸ்கி, ஸ்டெஃபான் மில்லர். அவர்கள் நாயின் காலைத் தாங்களே மடக்கித் தூக்கிவிட்டு, உடனே உணவு கொடுத்தார்கள். திரும்பத் திரும்ப இதைச் செய்ததில், நாய் தானாகவே காலைத் தூக்க ஆரம்பித்தது. பாவ்லோவ் சொன்ன வகையில் இது அடங்காது, இது வேறு வகைக் கற்றல் என்று 1928-ல் எழுதினார்கள். கொனோர்ஸ்கி பிறகு பாவ்லோவின் ஆய்வகத்துக்கே போய் வேலை செய்தார். பின்னால் ஸ்கின்னர் பெயரோடு சேர்த்து நாம் படிக்கிற விஷயத்தின் போலந்துக் கிளை இது. கால் தூக்கினால் சாப்பாடு வரும் என்று கண்டுகொண்ட அந்த நாய்தான் நம் வீட்டு மணி அடிக்கும் நாய்க்குக் கொள்ளுப்பாட்டன்.

இப்போது செய்முறை. மணி எது வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் குட்டி விழுங்க முடியாத அளவில் இருக்கட்டும். கீறல் விட்ட சின்னச் சலங்கைகளில் நகமும் பல்லும் மாட்டிக்கொள்ளும். மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி வாய் திறந்த மணி ஒன்று போதும். மணியை முதலில் கதவில் கட்ட வேண்டாம், கையில் பிடியுங்கள். நாய் என்னவென்று மோந்து பார்க்க வரும். மூக்கு பட்ட அந்த நொடியில் "சபாஷ்" என்று ஒரு சொல், உடனே வேகவைத்த சிக்கன் துண்டோ என்னவோ, அதற்குப் பிடித்தது ஒன்று. சத்தத்துக்குப் பயப்படுகிற நாய் என்றால் மணியின் நாக்கில் துணி சுற்றி ஆரம்பித்து, பழகப் பழகத் துணியை எடுக்கலாம். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிஷம் போதும். நாய் தயக்கமில்லாமல் வந்து முட்டுகிறது என்றானபின், மணியைக் கதவோரம் அதன் மூக்கு உயரத்தில் தொங்கவிடுங்கள்.

இதற்குப் பிறகு ஒரு மாற்றம் முக்கியம், பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். மணியைத் தொட்டதற்குத் தின்பண்டம் கொடுப்பதை இங்கே நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் மணி என்பது பிஸ்கட் மெஷின் ஆகிவிடும். இனிமேல் கூலி, கதவு திறப்பது. வெளியே போகிற நேரம் வந்தபோதெல்லாம் கதவருகில் நின்று நாய் மணியை முட்டும்வரை பொறுத்து, முட்டியதும் உடனே கதவைத் திறந்து, சங்கிலியில் நேராக அந்த இடத்துக்கு. போகிற வழியில் கொஞ்சல், விளையாட்டு, பக்கத்து வீட்டு நாயோடு குசலம் எதுவும் கிடையாது. அங்கே போய்ச் சும்மா நில்லுங்கள். ஐந்து நிமிஷத்தில் போனால் தின்பண்டம் அங்கேயே, அந்த இடத்திலேயே. வீட்டுக்கு வந்து கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்குக் கூலி கொடுத்த மாதிரி ஆகும். போகவில்லையா, பேச்சில்லாமல் திரும்பி வந்துவிடுங்கள். கொஞ்ச நேரம் கண் பார்வையில் வைத்திருந்து மறுபடி முயலலாம். ஒரு நாள் நீங்கள் கூப்பிடாமலே மணி சத்தம் கேட்கும். அன்றைக்கு நீங்கள் எந்த வேலையில் இருந்தாலும் ஓடுங்கள். மிக்சி காத்திருக்கும்.

நம் ஊரில் பரவலாக நடக்கிற ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். காலையில் ஆபீஸ் அவசரம். நாயைக் கீழே கூட்டிப் போகிறோம், அது ஒரு தூணைப் பார்த்துக் காலைத் தூக்குகிறது, "ம், ஆச்சா, வா" என்று உடனே திருப்பி இழுத்து வந்துவிடுகிறோம். நாய் இதிலிருந்து என்ன கற்கும்? வெளியே இருப்பதுதான் அதற்கு நாளின் பெரிய சந்தோஷம். ஒண்ணுக்குப் போன நொடியில் அது முடிந்துவிடுகிறது. அப்போ போகாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றலாம்! இரண்டு வாரத்தில் நாய் அடக்கிக்கொண்டு தெரு தெருவாகச் சுற்ற ஆரம்பிக்கும், நாமும் "சரி, வரலை போல" என்று மேலே கூட்டி வருவோம், ஹாலில் நடக்கும். ஆகவே வரிசையை மாற்றுங்கள்: முதலில் வேலை, பிறகு நடை. போய் முடித்த பிறகு இரண்டு நிமிஷமாவது சுற்றிவிட்டு வாருங்கள். அந்த இரண்டு நிமிஷம் தின்பண்டத்தைவிடப் பெரிய கூலி.

நாள் முழுக்க மணி அடிக்கும் நாய்க்கு வருவோம். அதற்குக் காரணமும் மேலே சொன்னதுதான். மணி அடித்தால் கதவு திறக்கிறது, மாடிப்படியில் பூனை இருக்கிறது, செக்யூரிட்டி அண்ணன் தலையைத் தடவுகிறார், குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். நாய் "ஏமாற்றவில்லை". மணிக்கு "கீழே ஜாலியாக இருக்கும்" என்று நாம்தான் அர்த்தம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதற்கு மணியைக் கழற்றுவதும் அடிப்பதைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் தீர்வு இல்லை. ஒவ்வொரு மணிக்கும் பதில் சொல்லுங்கள், ஆனால் சலிப்பான பதில்: சங்கிலி, அந்த இடம், ஐந்து நிமிஷம் மரம் மாதிரி நிற்பது, திரும்புவது. நிஜமாகத் தேவையிருந்தால் நாய்க்கு அது போதும். வேடிக்கைக்காக அடித்தால் அந்தச் சலிப்பே மணியின் அர்த்தத்தைத் திருத்திவிடும். கூடவே, ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் நாய் வெளிக்காற்றைப் பார்க்கிறது என்றால் அது மணி அடிப்பது நியாயம்தான். விளையாட்டுக்கும் ஊர் சுற்றவும் தனி நேரம் கொடுங்கள்.

பட்டன் அழுத்தி "பேசும்" நாய்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்டினா ஹங்கர் என்ற அமெரிக்கப் பேச்சுப் பயிற்சியாளர் தன் நாய் ஸ்டெல்லாவுக்குப் பதிவுசெய்த சொற்கள் கொண்ட பட்டன்களைப் பழக்கியதிலிருந்து இது பெரிய அலையாக ஆனது. சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு 152 நாய்களின் பட்டன் பதிவுகளை அலசி 2024-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. நாய்கள் கண்டபடி அமுக்குவதில்லை, "வெளியே", "கழிப்பு" போன்ற சில சொற்களைச் சேர்த்து அமுக்குவது தற்செயலைவிட அதிகமாக நடக்கிறது என்பது அதன் முடிவு. நாய் மொழி பேசுகிறது என்று இதை வைத்துக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. நிறைய சொற்கள் இருந்தும் நாய்கள் அதிகம் சேர்க்கிறவை வெளியே போவது, சாப்பாடு, தண்ணீர் போன்றவை. எதை அமுக்கினால் மனிதர் தவறாமல் எழுந்து வருகிறாரோ அதுதான் நிலைக்கிறது.

இனி, அடிப்பதையே விட்டுவிட்ட நாய். பழக்கிய முதல் மாதம் எல்லோரும் ஓடி ஓடிக் கதவைத் திறப்பார்கள். பிறகு ராத்திரி மூன்று மணிக்கு மணி கேட்கும். "காலையில பாத்துக்கலாம்" என்று புரண்டு படுப்போம். கிரிக்கெட்டில் கடைசி ஓவர் நடக்கும்போது அடிக்கும். "இருடா, இருடா" என்போம். நாய் முதலில் இன்னும் வேகமாக அடிக்கும், கூடவே குரைக்கும், கதவைப் பிராண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடும். உளவியலில் இதற்கு அணைதல் என்பார்கள். அப்புறம் ஒரு நாள் சோபாவுக்குப் பின்னால் ஈரம் இருக்கும். "நல்லா சொல்லிட்டிருந்துச்சு, மறந்துபோச்சு" என்பார்கள் வீட்டில். அது மறக்கவில்லை, சொன்னால் யாரும் வருவதில்லை என்பதையும் கற்றுக்கொண்டது. பகலில் பத்து மணி நேரம் வீட்டில் ஆள் இல்லாத குடும்பத்துக்கு மணி பழக்கும் முன், மதியம் வந்து நாயைக் கீழே இறக்க ஓர் ஆள் ஏற்பாடு செய்யச் சொல்வேன். கேட்பதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டு, கேட்கும்போது காது கொடுக்க ஆள் இல்லாத வீட்டில் மணி எதற்கு?

ஈரத்தைப் பார்த்ததும் நாயை இழுத்து வந்து மூக்கை அதில் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது எல்லாம் இன்னும் நடக்கிறது. கூடவே ஒரு வாதமும் வரும்: "அதுக்குத் தெரியுது சார், மூஞ்சியைப் பாருங்க, குற்ற உணர்ச்சி." அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-ல் இதைச் சோதித்தார். நாய் நிஜமாகத் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமில்லை; வீட்டுக்காரர் திட்டியபோதுதான் அந்த முகம் வந்தது, ஒரு தப்பும் செய்யாத நாய்க்கும் வந்தது. அடி வாங்கிய நாய் கற்றுக்கொள்வது, மனிதர் பார்க்கும் இடத்தில் இதைச் செய்யக் கூடாது என்பது. விளைவு என்ன? சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகும், சங்கிலியில் நம்மோடு வெளியே வந்தாலும் நம் கண்முன் போகத் தயங்கும். எதைக் கேட்க ஆசைப்பட்டோமோ அதற்கு நேர் எதிர். உள்ளே போய்விட்டால் பேசாமல் துடையுங்கள். நொதி கலந்த கிளீனர் கிடைத்தால் அது நல்லது. அம்மோனியா வாசம் உள்ளவை வேண்டாம், அது மூத்திர வாசத்தை ஒத்தது, நாய் அதே இடத்துக்குத் திரும்பும். கடும் ஃபினாயிலும் நாய் நக்குகிற தரைக்கு நல்லதில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று அடிக்கடி மணி அடித்தாலோ, உள்ளேயே போக ஆரம்பித்தாலோ பயிற்சியைச் சந்தேகிக்கும் முன் உடம்பைச் சந்தேகியுங்கள். மூத்திரத் தொற்று, கல், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு எல்லாமே இப்படித்தான் முதலில் தெரியும். கருத்தடை செய்யாத பெண் நாய் சூடு வந்து போன சில வாரங்களில் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி போனால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அது அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டிய விஷயம். தூங்கும்போது படுக்கை நனைந்தால் அது அடக்க முடியாமல் கசிவது, மணிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மணி பழகிய வீட்டுக்கு இங்கே ஒரு லாபம் உண்டு: ஒரு நாளைக்கு வழக்கமாக எத்தனை மணி என்று தெரிந்திருப்பதால் மாற்றம் உடனே கண்ணில் படும்.

வயதான நாய்க்கு மூட்டு வலி வந்தால் கழுத்தைத் தூக்கி மணியை முட்டுவதுகூடச் சிரமம், மணியைக் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்கள். மூளை தளர்ந்துபோன சில கிழ நாய்கள் வெளியே போகணும் என்று கதவு வரை சரியாக வரும், ஆனால் கதவு திறக்கிற பக்கம் நிற்காமல் கீல் இருக்கிற பக்கம் போய் நின்றுகொண்டிருக்கும். மணி எதற்கு என்பதும் அதற்கு நினைவிருக்காது. அப்போது பழையபடி கடிகாரம்தான்: குட்டியாக இருந்தபோது செய்த மாதிரி, எழுந்ததும், சாப்பிட்டதும், படுக்கும் முன்னும், நாமாகவே சங்கிலியை எடுத்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும்.